மன்னிப்பின் விலை: அப்ரூவர் என்னும் பிரதியை வாசித்தல்

1

"அவன் அப்ரூவர் ஆயிட்டாம்ப்பா."

இந்த வாக்கியத்தைக் கேட்க நீதிமன்றத்துக்குப் போகத் தேவையில்லை. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு டீக்கடை பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும். சங்கக் கூட்டத்தில் பேசியதை அதிகாரியிடம் போய்ச் சொன்னவன், கட்சிக்குள் கோஷ்டி மாறியவன், நேற்றுவரை கூடவே சுற்றிவிட்டு இன்றைக்கு எதிராளி வீட்டில் சாப்பிடுகிறவன், எல்லோருமே நம் பேச்சில் அப்ரூவர்கள்தான். சட்டப் புத்தகத்தில் மட்டுமே புழங்கியிருக்க வேண்டிய ஒரு சொல் இவ்வளவு சகஜமாக வடமாவட்டத் தமிழில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்றால், போலீசும் கோர்ட்டும் நம் அன்றாடத்துக்குள் எவ்வளவு தூரம் நுழைந்திருக்கின்றன என்பதற்கு அதுவே ஒரு சாட்சி.

ஆனால் பேச்சு வழக்கு இந்தச் சொல்லை முழுசாக எடுத்துக்கொள்ளவில்லை. காட்டிக்கொடுத்தவனை எடுத்துக்கொண்டது. அவனுக்கு மன்னிப்பு வழங்கியவர்களை விட்டுவிட்டது. 'அப்ரூவர்' என்றவுடன் நமக்கு ஒரு ஆளின் முகம், அவனுடைய கோழைத்தனம், பேராசை, துரோகம் எல்லாம் தோன்றுகின்றன. அவன்மீது குற்றச்சாட்டைச் சுமத்தி, பிறகு அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, 'நீ இதைச் சொன்னால் இது கீழே விழாது' என்று பேசிய நிறுவனம் தோன்றுவதில்லை. அரசியல் வழக்குகளில் குற்றச்சாட்டைக் கைவிடுவதும் அதற்குப் பதிலாக ஒத்துழைப்பைப் பெறுவதும் எப்படி நடக்கின்றன, அந்தப் பேரத்தில் பிறக்கும் வாக்குமூலத்தை நாம் எப்படி வாசிப்பது என்பதே இங்கு பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

2

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். தோழர்கள் பலர் இதில் கவனம் செலுத்துவதில்லை; வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம்.

1898ஆம் ஆண்டின் குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் 337 முதல் 339 வரையிலான பிரிவுகள், 1973இல் வந்த சட்டத்தில் 306 முதல் 308 வரையிலான பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 343 முதல் 345 வரையிலான பிரிவுகள். எண்கள் மாறியிருக்கின்றன. சாரம் மாறவில்லை. காலனிய அரசு எழுதியதைச் சுதந்திர அரசு வைத்துக்கொண்டது. காலனியத்தைக் களைவதாகச் சொல்லிக்கொண்டு வந்த அரசும் அதையே பெயர் மாற்றி வைத்துக்கொண்டது.

கடுமையான குற்றங்களில் தொடர்புடையவர் என்று கருதப்படும் ஒருவருக்கு நீதிமன்றம் மன்னிப்பு வழங்கலாம். நிபந்தனை ஒன்றுதான். குற்றம் பற்றியும் அதில் பங்கெடுத்த ஒவ்வொருவர் பற்றியும் தனக்குத் தெரிந்த அனைத்தையும் முழுமையாகவும் உண்மையாகவும் அவர் வெளிப்படுத்த வேண்டும். ஏற்கெனவே ஜாமீனில் இல்லையென்றால் விசாரணை முடியும்வரை அவர் சிறையில்தான் இருக்க வேண்டும். அவர் எதையாவது வேண்டுமென்றே மறைத்தார், பொய் சொன்னார் என்று அரசு வழக்கறிஞர் சான்றளித்தால், மன்னிப்பு போய்விடும். அவர் மறுபடி குற்றவாளிக் கூண்டில் நிற்பார். அது மட்டுமல்ல, மன்னிப்பை நம்பி அவர் கொடுத்த வாக்குமூலத்தையே அவருக்கு எதிராகப் பயன்படுத்தலாம்.

இந்தக் கடைசி விதியில்தான் எல்லாம் இருக்கிறது. 'முழுமையாக, உண்மையாக' என்பது நிபந்தனை. சொன்னது முழுமைதானா, உண்மைதானா என்று முதலில் தீர்மானிப்பவர் யார்? வழக்கை ஜெயிக்க வேண்டிய தரப்பு. நீதிபதி அந்த வாக்குமூலத்தை எடைபோடுவது பின்னால் வரும் கட்டம். அதற்கு முன்பே ஒரு வாசகர் அதைப் படித்து, 'இது போதாது, இன்னும் இருக்கிறது' என்றோ 'இப்போது சரி' என்றோ சொல்லியிருக்கிறார். அந்த முதல் வாசகரின் கையில் சிறைச்சாவி இருக்கிறது. ஆகவே அப்ரூவரின் வாக்குமூலம் தன்மை ஒருமையில் 'நான்' என்று பேசினாலும், அந்த 'நானை' ஏற்கவோ நிராகரிக்கவோ செய்கிற அதிகாரம் வெளியே இருக்கிறது. பிரதிக்கு ஆசிரியன் யார் என்ற கேள்வியை இலக்கிய விமர்சனத்தில் முப்பது நாற்பது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தக் கேள்வி ஓர் ஆளின் பத்தாண்டுச் சிறைவாசத்தைத் தீர்மானிக்கிற இடம் இது.

சட்டத்துக்கே இந்தச் சந்தேகம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் ஒரு பிரிவில் (133) உடந்தையாளரின் சாட்சியத்தை மட்டும் வைத்துத் தண்டித்தாலும் அது சட்டவிரோதமாகாது என்றது. இன்னொரு பிரிவில் (114) அப்படிப்பட்டவர் நம்பத் தகாதவர் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம் என்றது. இரண்டையும் சேர்த்து, 1957இல் சர்வான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரட்டைச் சோதனை ஒன்றை வைத்தது: சாட்சி நம்பத் தகுந்தவராக இருக்க வேண்டும், அவர் சொல்வதற்கு வேறு ஆதாரமும் இருக்க வேண்டும். புதிய சாட்சியச் சட்டம் 138ஆம் பிரிவில் 'வேறு ஆதாரத்தால் உறுதிப்பட்ட' சாட்சியம் என்று எழுதியே விட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் இந்தச் சோதனையெல்லாம் தீர்ப்பு நாளுக்கானது. கைது செய்வதற்கும், ஜாமீனை மறுப்பதற்கும், ஒரு மனிதரை இரண்டு மூன்று வருஷம் உள்ளே வைப்பதற்கும் அப்ரூவரின் சொல் மட்டும் போதுமானதாக இருக்கிறது. அரசியல் வழக்கில் தீர்ப்பைவிட இந்த இடைக்காலம்தான் முக்கியம். தேர்தல்கள் அதற்குள் முடிந்துவிடும்.

ஒப்புதல் வாக்குமூலத்தைப் பற்றிப் பேசும்போது ஃபூக்கோவைத் தவிர்க்க முடியாது. கிறித்தவப் பாவ சங்கீர்த்தனத்தில் தொடங்கி மருத்துவம், கல்வி, நீதி என்று எல்லாவற்றுக்கும் பரவிய ஒரு சடங்காக அவர் அதைப் பார்த்தார்: பேசுகிறவனைக் காட்டிலும் கேட்டுக்கொண்டிருப்பவனிடமே அதிகாரம் இருக்கிறது. அப்ரூவரிடம் இந்தச் சடங்கு ஒரு திருகலை அடைகிறது. சங்கீர்த்தனத் தொட்டியில் மண்டியிடுகிறவர் தன் பாவத்தைத்தான் சொல்ல வேண்டும், அடுத்தவர் பாவத்தை அல்ல. 'சாமி, பக்கத்து வீட்டுக்காரன் என்ன செய்தான் தெரியுமா' என்று ஆரம்பித்தால் சாமியாரே நிறுத்திவிடுவார். அப்ரூவர் விஷயத்தில் தன் குற்றத்தை ஒத்துக்கொள்வது உள்ளே நுழைவதற்கான டிக்கெட் மட்டும். மன்னிப்பு கிடைப்பது அடுத்தவன் பெயரைச் சொல்வதற்கு.

3

இந்த ஏற்பாட்டின் வரலாறு நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில் இருக்கிறது. புதுச்சேரி ஆசிரமத்தைப் பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஆசிரமம் ஓர் அப்ரூவரின் சாவோடு தொடர்புடையது என்று தெரியும்?

1908இல் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அரவிந்தரும் அவருடைய தம்பி பாரீந்திரரும் மற்றவர்களும் கைதானார்கள். அவர்களில் ஒருவரான நரேந்திரநாத் கோஸ்வாமி மன்னிப்பு பெற்று அப்ரூவரானார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் தேதி, சிறைக்குள்ளேயே, கனாய்லால் தத்தாவும் சத்யேந்திரநாத் போஸும் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இருவரும் அதே வருஷம் நவம்பரில் தூக்கிலிடப்பட்டார்கள். எதிர்த்தரப்பு கோஸ்வாமியைக் குறுக்கு விசாரணை செய்யவே இல்லை என்பதால், அவருடைய வாக்குமூலம் செஷன்ஸ் விசாரணையில் பயன்படவில்லை. 1909 மே 6ஆம் தேதி அரவிந்தர் விடுதலையானார். 1910 ஏப்ரல் 4ஆம் தேதி புதுச்சேரி வந்து சேர்ந்தார்.

அடுத்தது ஆஷ் கொலை. 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட பிறகு, திருநெல்வேலிச் சதி வழக்கை அரசு கட்டியெழுப்பியது இரண்டு அப்ரூவர்களைக் கொண்டு: ஆறுமுகம் பிள்ளை, சோமசுந்தரம் பிள்ளை. முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரி, புதுச்சேரியிலிருந்து 'சூரியோதயம்' நடத்தியவர். அன்று புதுச்சேரிக்கு ரயிலில் போவதென்றால் விழுப்புரம் ஜங்ஷனில்தான் வண்டி மாற வேண்டும். புதுச்சேரியில் யாரை யார் சந்தித்தார், என்ன பேசினார் என்பதெல்லாம் 1912இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பாக மாறியது. மூன்று நீதிபதிகளில் சங்கரன் நாயர் மாறுபட்ட தீர்ப்பெழுதினார் என்பது இங்கே நினைவுகூரத் தக்கது.

மூன்றாவது லாகூர். பகத்சிங் வழக்கில் ஜெய்கோபால், பணீந்திரநாத் கோஷ், ஹன்ஸ்ராஜ் வோரா முதலியோர் அப்ரூவர்கள். ஜெய்கோபால் சாட்சிக் கூண்டேறியபோது, எதிரிகளிலேயே வயதில் சிறியவரான பிரேம்தத் தன் செருப்பைக் கழற்றி அவர்மீது வீசினார். உடனே எல்லா எதிரிகளுக்கும் நீதிமன்றத்திலேயே கைவிலங்கு மாட்ட உத்தரவானது. பணீந்திரநாத் கோஷை 1932இல் பேத்தியாவில் வைகுந்த சுக்லா கொன்றார். 1934இல் அவரும் தூக்கில் தொங்கினார்.

இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. செருப்பும் துப்பாக்கியும் ஒவ்வொரு தடவையும் அப்ரூவரைத்தான் நோக்கின. மன்னிப்பு வழங்கிய ஏற்பாடு ஒவ்வொரு தடவையும் சேதமில்லாமல் அடுத்த வழக்குக்குப் போய்ச் சேர்ந்தது. கோஸ்வாமி செத்த மூன்றே வருஷத்தில் திருநெல்வேலியில் வேறு இருவர் கிடைத்தார்கள்.

நம்முடைய தமிழ்ப் பண்பாட்டில் இந்தப் பார்வைக் கோளாறுக்கு ஒரு பெயரே உண்டு: எட்டப்பன். 1799இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட உத்தரவிட்டவர் மேஜர் பானர்மேன். பானர்மேன் என்ற பெயர் தமிழில் வசவாக மாறவில்லை. 'டேய் பானர்மேன்' என்று யாரும் யாரையும் திட்டுவதில்லை. எட்டயபுரத்தான்தான் வசவானான். திராவிட இயக்க மேடையானாலும் இடதுசாரி மேடையானாலும், பிரிந்து போனவனை எட்டப்பன் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். துரோகத்தை ஒழுக்கப் பிரச்சினையாக்கும்போது அதிகாரம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. துரோகி பிறக்கிறான் என்று நம்புகிற அரசியல், துரோகியை உற்பத்தி செய்கிற இடத்தைத் தேடிப் போவதில்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். லாகூர் அப்ரூவர்கள் சொன்னதில் பெரும்பகுதி நடந்ததுதான். அப்ரூவர் எப்போதும் பொய் சொல்கிறார் என்பதல்ல நம் வாதம். அவர் உண்மை சொன்னாலும் அந்த உண்மைக்கு விலை குறிக்கப்பட்டிருக்கிறது, எந்தப் பகுதி போதும் என்பதை வாங்குகிறவர் தீர்மானிக்கிறார் என்பதுதான் பிரச்சினை.

4

இனி நம் காலத்துக்கு வருவோம். டில்லி மதுபானக் கொள்கை வழக்கை எடுத்துக்கொள்கிறேன். ஆம் ஆத்மி கட்சிமீது நமக்குப் பெரிய மோகம் எதுவும் கிடையாது. ஆனாலும் இந்த வழக்கின் தேதிகளை வரிசையாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

2022 நவம்பர் 10: அரபிந்தோ பார்மா நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவரான சரத் சந்திர ரெட்டி அமலாக்கத் துறையால் கைது. நவம்பர் 15: அந்த நிறுவனம் 5 கோடி ரூபாய்க்குத் தேர்தல் பத்திரம் வாங்குகிறது, அது பாரதிய ஜனதா கட்சிக்குப் போகிறது. 2023 மே: அவருடைய ஜாமீனுக்கு அமலாக்கத் துறை ஆட்சேபம் சொல்லவில்லை, ஜாமீன் கிடைக்கிறது. ஜூன் 1: மன்னிப்பு வழங்கப்படுகிறது, அவர் அப்ரூவர். அதே ஆண்டு நவம்பர்: அந்த நிறுவனத்திடமிருந்து மேலும் 25 கோடி அதே கட்சிக்கு. 2024 பிப்ரவரி 15: தேர்தல் பத்திரத் திட்டம் செல்லாது என்கிறது உச்ச நீதிமன்றம். மார்ச் 21: யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்ற முழு விவரம் வெளியாகிறது. அன்றிரவே அரவிந்த் கேஜ்ரிவால் கைது.

தேதிகள் தம்மளவில் எதையும் நிரூபிப்பதில்லை. அந்த நிறுவனம் வேறு கட்சிகளுக்கும் பத்திரம் கொடுத்திருக்கிறது. வாக்குமூலத்துக்காகவே பணம் கைமாறியது என்று எந்த நீதிமன்றமும் சொன்னதில்லை. ஆனால் ஜாமீன் முதலில், மன்னிப்பு பிறகு என்ற வரிசையைக் கவனியுங்கள். 'ஏற்கெனவே ஜாமீனில் இல்லையென்றால்' என்று சட்டம் போட்டுவைத்த சின்ன வாசல் வழியாக ஆள் வெளியே வந்துவிடுகிறார். ரெட்டியின் ஆரம்ப வாக்குமூலங்களில் தன் பெயர் இல்லை, பிந்தியவற்றில்தான் வந்தது என்று கேஜ்ரிவால் தரப்பு வாதிட்டது. ஒரு பிரதிக்குப் பல கையெழுத்துப் படிகள் இருந்தால் நாம் என்ன செய்வோம்? தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்குப் பாடபேதம் என்பது முதல் வருஷப் பாடம். எல்லாப் படிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வரி எப்போது நுழைந்தது என்று பார்ப்போம். இங்கே அந்த வேலையைச் செய்ய முயன்றால், பழைய படிகள் வழக்குக்கு வேண்டாதவை என்று ஒதுக்கப்பட்டுக் கிடக்கின்றன.

2024 ஏப்ரல் 9இல் டில்லி உயர் நீதிமன்றம் கைது செல்லும் என்றது. அப்ரூவர் சட்டம் நூறாண்டுக்கும் மேல் பழையது, இந்த மனுதாரரைச் சிக்கவைக்க நேற்று எழுதப்பட்டதல்ல என்றும், யார் யாருக்குத் தேர்தல் பத்திரம் கொடுத்தார்கள் என்பது தன் கவலையல்ல என்றும் சொன்னது. முதல் பகுதி முழுக்க உண்மை. நூறாண்டுப் பழமைதான் நம் புகாரே. அந்த நூறாண்டில் அது யார் யாருக்கு எதிராகப் பயன்பட்டது என்பதை மேலே பார்த்தோம். அதே ஆண்டு ஆகஸ்ட் 27இல் கவிதாவின் ஜாமீன் மனுவை விசாரித்த உச்ச நீதிமன்ற அமர்வு, தன்னைத்தானே குற்றத்தில் சேர்த்துக்கொண்டவரைச் சாட்சியாக்கிவிட்டு இஷ்டத்துக்கு ஆளைப் பொறுக்கி எடுப்பதா என்று விசாரணை அமைப்புகளைக் கேட்டது.

சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடைச் சட்டம் இந்தப் பேரத்தின் விலையை ஏற்றிவிட்டது என்பதும் முக்கியம். அதன் 45ஆம் பிரிவு ஜாமீனை ஏறக்குறைய எட்டாக்கனியாக்குகிறது. 50ஆம் பிரிவில் அதிகாரியிடம் கொடுக்கும் வாக்குமூலமே சாட்சியமாகிறது. போலீசிடம் சொன்னது செல்லாது என்ற பழைய பாதுகாப்பு இங்கே இல்லை. 2022 ஜூலை 27இல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் சரியென்றது. சிறைக்கதவு கனமாக ஆக ஆக, சாவியின் விலை ஏறுகிறது.

இது இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. நியூயார்க் மேயராக இருந்த எரிக் ஆடம்ஸ்மீது 2024 செப்டம்பரில் லஞ்சக் குற்றச்சாட்டு பதிவானது. 2025 பிப்ரவரியில், புதிய ட்ரம்ப் அரசின் நீதித்துறை வழக்கைக் கைவிடச் சொன்னது. சாட்சியம் பலவீனமானது என்று காரணம் சொல்லவில்லை. குடியேறிகளைப் பிடிப்பதில் மேயர் ஒத்துழைக்க வழக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்றது. அதுவும், பிறகு எப்போது வேண்டுமானாலும் மறுபடி தொடரலாம் என்ற வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு. வழக்கை நடத்திய டேனியல் சசூன் என்ற வழக்கறிஞர், இது கொடுக்கல் வாங்கல் என்று எழுதிவைத்துவிட்டுப் பதவி விலகினார். ஆடம்ஸ் மறுத்தார். ஏப்ரல் 2ஆம் தேதி நீதிபதி டேல் ஹோ வழக்கைத் தள்ளுபடி செய்தார். ஆனால் மறுபடி தொடர முடியாதபடி தள்ளுபடி செய்தார். அவர் வெட்டியது கயிற்றைத்தான். மேயரின் கழுத்தில் கட்டி, அரசு தன் கையில் வைத்துக்கொள்ளப் பார்த்த கயிறு. நம் சட்டத்தில் அரசு வழக்கறிஞரின் சான்று என்ற பெயரில் அப்படியே தொங்கிக்கொண்டிருப்பதும் அந்தக் கயிறுதான்.

5

இதுவரை பேசியது விற்பதற்குச் சரக்கு வைத்திருப்பவர்களைப் பற்றி. பேரம் பேச வேண்டுமென்றால் கையில் ஒரு பெயர் இருக்க வேண்டும், அரசுக்குத் தேவைப்படுகிற ஒரு பெயர். முதலாளிக்கு முதலமைச்சரின் பெயர் தெரியும். எம்.பி.யின் மகனுக்குத் தெரியும். திண்டிவனம் பக்கத்தில் செங்கல் சூளையில் வேலை செய்யும் இருளருக்கு யார் பெயர் தெரியும்?

ஒருமுறை ஒரு நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்திருந்த இருளர் ஒருவர் சொன்னது: "ஒத்துக்கினா உட்டுர்றேன்னாங்க சார். எத்த ஒத்துக்கணும்னு கேட்டேன். அத்த நாங்க எழுதிக்கறோம், நீ கைநாட்டு வைன்னாங்க." அவர்மீது எந்த ஊர்த் திருட்டெல்லாம் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. வக்கீல்தான் படித்துச் சொன்னார்.

அப்ரூவர் நடைமுறையின் தலைகீழ் வடிவம் இது. அங்கே ஒருவர் அடுத்தவரின் குற்றத்தைச் சொல்லித் தன் குற்றத்திலிருந்து விடுபடுகிறார். இங்கே ஒருவர் அடுத்தவரின் குற்றத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார். பதிலுக்குக் கிடைப்பது மன்னிப்பல்ல, அன்றைக்கு அடி நிற்கும் என்ற உறுதி; அல்லது வீட்டுப் பெண்களைக் கூட்டிவர மாட்டோம் என்ற உறுதி. அந்த உறுதிக்கு என்ன மதிப்பு என்பதை 2011 நவம்பரில் திருக்கோவிலூர் பக்கம் தி.மண்டபத்தில் பார்த்தோம். திருட்டு வழக்கு விசாரணை என்று போன போலீசார்மீது நான்கு இருளர் பெண்கள் பாலியல் வன்முறைப் புகார் கொடுத்தார்கள். துப்புத் துலங்காத திருட்டு வழக்குகளை இருளர்மீது போட்டுக் கணக்கை முடிக்கும் பழக்கத்தைப் பற்றிப் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் தொண்ணூறுகளிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

ஆக, ஒரே அரசு இரண்டு வகையான வாக்குமூலங்களை வாங்குகிறது. ஒன்றை விலை கொடுத்து வாங்குகிறது. இன்னொன்றைப் பிடுங்கிக்கொள்கிறது. எதை வாங்குவது, எதைப் பிடுங்குவது என்பதைத் தீர்மானிப்பது வர்க்கமும் சாதியும். 'சுதந்திரமான விருப்பத்தின் பேரில்' என்று இரண்டு தாள்களிலும் ஒரே வாசகம்தான் இருக்கும்.

இதே விழுப்புரத்தில் இதற்கு எதிர்த்திசையில் ஓடும் சாட்சியையும் பார்த்திருக்கிறோம். முன்னாள் அமைச்சர் பொன்முடி தொடர்பான செம்மண் குவாரி வழக்கு. வானூர் வட்டம் பூத்துறையில் அனுமதித்த அளவுக்கு மேல் மண் எடுத்து அரசுக்கு 28 கோடி ரூபாய் இழப்பு என்பது குற்றச்சாட்டு. அ.தி.மு.க. ஆட்சியில், 2012இல் பதிவான வழக்கு. தி.மு.க. ஆட்சியில் சாட்சிகள் கூண்டேறியபோது, அரசுத் தரப்பு சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராகப் பிறழ்ந்தார்கள். அதே வழக்கை வைத்து 2023 ஜூலையில் அமலாக்கத் துறை வீடேறி வந்தது. மாநிலத்தில் சாட்சி எதிரி பக்கம் சாய்கிறார். மையத்தில் எதிரி சாட்சி பக்கம் சாய்கிறார். இரண்டு இடத்திலும் சாய்வது யார் ஆட்சியில் இருக்கிறார்களோ அவர்கள் பக்கம். வழக்குகளைத் திரும்பப் பெறுவதிலும் இதே கதைதான். அதனால்தான் எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மீதான வழக்குகளை உயர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் திரும்பப் பெறக்கூடாது என்று 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட வேண்டி வந்தது.

6

பேரத்தை மறுத்தவர்களும் இருக்கிறார்கள். பீமா கோரேகான் வழக்கில் 2020 செப்டம்பரில் கைதாவதற்கு முன், கபீர் கலா மஞ்ச் பாடகர்கள் சாகர் கோர்க்கேயும் ரமேஷ் கைச்சோரும் ஒரு காணொளி வெளியிட்டார்கள். மாவோயிஸ்டுகளோடு தொடர்பு என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவதாகத் தங்களிடம் சொல்லப்பட்டது, நாங்கள் மன்னிப்புக் கடிதம் எழுதிய பரம்பரை அல்ல, அம்பேத்கரின் பிள்ளைகள் என்பது அதன் சாரம். எழுதிக் கொடுக்கவில்லை, உள்ளே போனார்கள். தன் கணவரிடமும் மற்றவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்படி வற்புறுத்தினார்கள் என்று ஹனி பாபுவின் மனைவி ஜென்னி ரோவினா சொன்னார். அதே வழக்கில் திருச்சி மாவட்டத்தில் பிறந்த ஸ்டேன் சுவாமி 84 வயதில், 2021 ஜூலை 5ஆம் தேதி, காவலில் இருந்தபடியே இறந்தார்.

இவர்களை வீரர்களாக்கி மாலை போடுவது சுலபம். ஆனால் எல்லோரும் ஸ்டேன் சுவாமியாக இருக்க வேண்டும் என்று கேட்கிற அரசியல், எட்டப்பன் என்று திட்டுகிற அரசியலின் மறுபக்கம்தான். இரண்டுமே பாரத்தைத் தனிமனிதர் தலையில் வைக்கின்றன. உடைந்து போகிறவரை உடைத்தவர் யார் என்று கேட்பதுதான் நம் வேலை.

இங்கே தோழர்கள் ஒரு கேள்வியை எழுப்பலாம், எழுப்ப வேண்டும். சாத்தான்குளம். 2020 ஜூனில் ஜெயராஜும் பென்னிக்ஸும் அடித்துக் கொல்லப்பட்ட வழக்கில், முதல் எதிரியான காவல் ஆய்வாளரே 2025 ஜூலையில் தான் அப்ரூவராகத் தயார் என்று மதுரை நீதிமன்றத்தில் மனுப் போட்டார். போலீசின் மௌனம் உள்ளிருந்தே உடைகிறதே, வரவேற்க வேண்டாமா? சி.பி.ஐ. எதிர்த்தது. ஜெயராஜின் மனைவியும் எதிர்த்தார். மனு தள்ளுபடியானது. ஐந்து வருஷம் கழித்து, விசாரணை முடிகிற கட்டத்தில், அதிகாரப் படிநிலையில் மேலே இருந்தவர் கீழே இருந்தவர்களைக் காட்டிவிட்டு வெளியேறப் பார்ப்பது எந்த மௌனத்தையும் உடைப்பதாகாது. கீழே இருக்கிற காவலர் ஒருவர் மேலே இருப்பவரைப் பற்றிச் சொல்ல முன்வந்தால் கதை வேறு. அதே வழக்கில் தலைமைக் காவலர் ரேவதி எந்த மன்னிப்பும் கேட்காமல், எந்தக் குற்றமும் தன்மேல் இல்லாமல், அன்றிரவு நடந்ததைச் சொன்னார். சாட்சி என்ற சொல்லுக்கு உரிய அர்த்தம் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே அப்ரூவர் சாட்சியத்தை முற்றாக நிராகரிக்கச் சொல்லவில்லை. அதை வாசிக்க மூன்று கேள்விகளை முன்வைக்கிறேன். ஒன்று, தேதிகளின் வரிசை என்ன: கைது, முதல் வாக்குமூலம், ஜாமீன், மாறிய வாக்குமூலம், மன்னிப்பு. இரண்டு, சொல் எந்தத் திசையில் போகிறது: கீழிருந்து மேலா, மேலிருந்து கீழா, ஆட்சியிலிருப்பவரை நோக்கியா, எதிரில் நிற்பவரை நோக்கியா. மூன்று, முந்தைய படிகள் எங்கே. மூன்றாவதற்கு இப்போது சட்டத்தில் ஒரு பிடி கிடைத்திருக்கிறது. 2025 மே 7இல் சரளா குப்தா வழக்கில், அமலாக்கத் துறை தான் சார்ந்து நிற்காத வாக்குமூலங்கள், ஆவணங்களின் பட்டியலையும் எதிரிக்குத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பட்டியல் கிடைத்தால் படிகளைக் கேட்கலாம். இந்த உரிமையை டில்லி வழக்கறிஞர்கள் பயன்படுத்திக்கொள்வார்கள். திண்டிவனத்தில் கைநாட்டு வைத்தவருக்கு இதை யார் வாங்கித் தருவது என்பதுதான் நம் முன்னுள்ள கேள்வி. அவர் வைத்த கைநாட்டுக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது, எப்போது எழுதினார்கள், அதற்கு முன்னால் என்ன எழுதியிருந்தார்கள் என்று படித்துச் சொல்ல ஒவ்வொரு தாலுகாவிலும் நாலு பேர் வேண்டும். இலக்கியம் படித்தவர்கள் இதற்குத் தகுதியானவர்கள். வாசிப்பது எப்படி என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும் நாம் இந்தத் தாள்களையும் வாசிக்க வேண்டும்.